முதுகு தெரிகிற படம்

ரிட்டயர் ஆகப்போகிற வருஷத்தில் மலையில் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "கீழ போய் இன்னா பண்ணப் போறீங்க சிஸ்டர்?" தூங்கப் போறேன் என்பேன். கிண்டல் என்று நினைத்துச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும், நான் நிஜமாகத்தான் சொன்னேன். ஜவ்வாது மலைக்குச் சின்னப் பெண்ணாக நர்ஸ் வேலைக்கு வந்தவள், முழங்கால் தேய்ந்து, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைத் தேடுகிற நிலைக்கு வந்தாகிவிட்டது. பிரசவ வலி என்பார்கள், பாம்பு கடித்தது என்பார்கள், புளியம்பழம் உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்பார்கள். எல்லாம் நான் தட்டில் சோற்றைப் போடுகிற நேரம் பார்த்துத்தான் வரும். யாரையும் குறை சொல்லவில்லை, வலிக்கு நேரம் காலம் தெரியுமா என்ன. ஆனாலும் எனக்குப் பேஜாராகிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது.

கீழே ஒடுகத்தூரில் என் தங்கை தன் வீட்டு மாடியில் ஒரு அறையை எனக்கென்று காலி செய்து வைத்திருந்தாள். கொண்டுபோக என்ன இருக்கிறது என்று ஒரு நாள் குவார்ட்டர்ஸைச் சுற்றிப் பார்த்தேன். கட்டில் ஆஸ்பத்திரியுடையது. பீரோவும் ஆஸ்பத்திரியுடையது. மிக்ஸி ஓடி வருஷக்கணக்காகிறது. கல்யாணம் என்று ஒன்று எனக்கு அமையவில்லை, அதனால் பாத்திரம் பண்டமும் பெரிதாகச் சேரவில்லை. சுவரில் தொங்கிய ஒரு படம் மட்டும்தான் முழுக்க முழுக்க என்னுடையது. மற்றதை யாராவது வண்டியில் போட்டுக் கொண்டுவரட்டும், இதை மட்டும் நானே மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் இறங்க வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய நோட்டைப் பிரித்து வைத்த அளவுதான் இருக்கும். கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறம் கிடையாது. மேடும் பள்ளமுமான நிலம். அதில் ஒரு ஆள் ஏர் ஓட்டுகிறான். மாடு இல்லை, ஜோடிக் குதிரை. தலையில் வட்டத் தொப்பி, முதுகில் குறுக்கும் நெடுக்குமாக வார், கொஞ்சம் முன்னால் சாய்ந்த உடம்பு. அவன் முதுகுதான் நமக்குத் தெரியும், முகம் அந்தப் பக்கம். அவன் ஓட்டிவிட்டுப் போன உழவுச் சால்கள் அவன் காலடியிலிருந்து நம் பக்கமாக வளைந்து வளைந்து வந்து படத்தின் ஓரத்தில் முடியும். தூரத்தில் இலை கொட்டிப்போன ஒற்றை மரம், புகைபோக்கி வைத்த ஒரு வீடு, அதற்கு மேலே கனத்த மேகம். அடியில் பென்சிலில் ஒரு கையெழுத்து. அதை நான் ஒருநாளும் படித்து முடித்ததில்லை.

நான் வேலைக்கு வந்த புதிதில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு அமெரிக்க டாக்டரம்மா இருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனது அது. மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, மேலே தாளை வைத்து அழுத்தி எடுத்த படம் என்றார். செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாக விழும், விட்டுவைத்த இடம் கறுப்பாக விழும். செதுக்கியவர் அந்த அம்மாவின் அப்பா காலத்து ஆள். பட்டணத்துக்குப் போய்ப் பேர் வாங்கலாம் என்று எல்லோரும் ஓடின காலத்தில், தன் ஊர் மேட்டையும் தன் ஊர்க் குடியானவர்களையும் செதுக்கினால் போதும் என்று உட்கார்ந்துவிட்டவராம். அவரைப்போல அங்கே ஒரு கூட்டமே இருந்ததாம். "எங்க ஊரும் இப்படித்தான் ஏறி இறங்கிக் கிடக்கும்" என்று ஜன்னல் வழியே எங்கள் மலையைக் காட்டினார். எனக்கு அந்த ஊரைப் பற்றி அக்கறையில்லை. ஒரு பெரிய டாக்டர் கிளம்பும்போது நர்ஸை ஞாபகம் வைத்து எதையாவது கொடுத்தார் என்பதே எனக்குப் பெரிசாக இருந்தது.

பல வருஷம் கழித்து வந்த ஒரு சின்ன டாக்டர் அந்தக் கையெழுத்தை போனில் படம் பிடித்து, எங்கேயோ தேடி, "சிஸ்டர், இது பழைய ஒரிஜினல், பேர் தெரிஞ்ச ஆர்ட்டிஸ்ட்தான், ஜாக்கிரதையா வெச்சுக்கோங்க" என்றார். ஒழுகாத சுவராகப் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறேன் டாக்டர், அதுக்குமேல இன்னா ஜாக்கிரதை என்றேன்.

கைக்கு வந்த புதிதில் அதை நான் என் வீட்டில் மாட்டவில்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்று, நோயாளிகள் உட்காருகிற ஹாலில் பெஞ்சுக்கு மேலே மாட்டினேன். வந்தது வம்பு. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கண்ணாடி மேலே குங்குமப் பொட்டு, சட்டத்தில் செருகிய சாமந்திப் பூ. எங்கள் ஜனங்கள் புளியும் சாமையும் போடப் போளூர் மண்டிக்கு இறங்குகிறவர்கள். அங்கே கடைக்குக் கடை கறுப்பு வெள்ளையில் ஒரு படம், கண்ணாடி போட்டு, மேலே சின்ன பல்பு எரிய, செத்துப்போன முதலாளி மாலையோடு இருப்பார். கண்ணாடிச் சட்டத்துக்குள் கறுப்பு வெள்ளையாக ஒரு ஆள் இருந்தால் அவர் காலமானவர். அதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

"யாரு சிஸ்டர் தவறிட்டது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"யாரும் தவறல. சும்மா படம்."

"பாவம், ஏர் ஓட்டும்போதே போய்ட்டாரா?"

அன்றைக்கு அந்தப் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. நிறைமாசக்காரி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறாளே தவிர, செத்தவர் காலடியில் குந்த மாட்டேன் என்றுவிட்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. சாயங்காலமே கழற்றச் சொன்னேன்.

கழற்றி என் குவார்ட்டர்ஸுக்குத் தூக்கி வந்து ஆணி அடித்து மாட்டியவர் எங்கள் காவல்கார அண்ணன். ஆஸ்பத்திரி வேலியை ஒட்டினாற்போல அவருக்குக் கொஞ்சம் கொல்லை இருந்தது. சாமை போடுவார், ஓரத்தில் அவரைக்கொட்டை போடுவார். மிச்ச நேரத்துக்கு எங்கள் கேட்டில் நிற்பார். என்னைவிட வயதில் மூத்தவர். ஒல்லியான ஆள், தோள் மட்டும் அகலம். படத்தை மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று, மாடு பிடிக்க வந்தவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார்.

"ஆளு ஏர் ஓட்டத் தெரிஞ்சவன்தான் சிஸ்டர். தோள பாருங்க, மேழிய அமுக்கல. சும்மா புடிச்சிக்கினு போறான். குதிரதான் எனக்குப் புடிக்கல. குதிர அவசரப்படும். மாடுன்னா நம்ம பேச்ச கேக்கும்."

"நீங்க போய் அவனுக்குச் சொல்லிக் குடுங்கண்ணா."

"பாஸ்போட் எடுத்துக் குடுங்க, போறேன்."

அதிலிருந்து அது எங்களுக்குள் ஒரு பேச்சாகிவிட்டது. விறகு கொண்டுவந்து போட்டாலும், குழாய் ரிப்பேர் பார்க்க வந்தாலும், வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துக் கேட்பார். "இன்னா சிஸ்டர், ஒங்க ஆளு இன்னும் ஓரம் போய்ச் சேரலியா?"

"எங்கண்ணா, சோம்பேறிப் பய. அங்கியே நிக்கறான்."

"நெலம் கட்டியா இருக்கும். வுடுங்க, மெதுவா போவட்டும்."

எத்தனை வருஷம் இதையே கேட்டார், எத்தனை வருஷம் இதையே நானும் சொன்னேன் என்று கணக்கில்லை. சலிக்கவும் இல்லை. மற்ற எல்லாம் சலித்தது.

எனக்கும் அந்த ஆளோடு ஒரு பழக்கம் வந்துவிட்டது. டியூட்டி முடிந்து வந்து, காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துப் படுத்தால் எதிரே அவன். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டான், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அவன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பான். ஒரு பெண்ணுக்குக் குழந்தை பேச்சு மூச்சில்லாமல் பிறந்த அன்றைக்கு, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "நீயும் ஓயல, நானும் ஓயல, போ" என்று அவனிடம் சத்தமாகவே சொன்னேன். கிறுக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கிறவளுக்கு வீட்டில் ஒரு துணை வேண்டும். பேசாத துணையாக இருந்தால் ரொம்ப நல்லது.

அண்ணனின் சம்சாரத்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிரஷர் மாத்திரைக்கு மாசாமாசம் வரும். கட்டுமஸ்தான உடம்பு, வார்த்தையை அளந்துதான் விடும். அண்ணனும் நானும் படத்தைப் பற்றிக் கேலி பேசும்போது அக்கா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கும். ஒரு தடவை மட்டும், "இந்தாளுக்குப் பின்னாடி வெத போட்றதுக்கு ஆள் இல்லியா?" என்று கேட்டது. ஆமாம், அந்தப் படத்தில் அவன் ஒருத்தன்தான். அதுவரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

நான் ரிட்டயர் ஆகிற வருஷம் ஆடியில் மழை நன்றாகப் பிடித்தது. டியூட்டி மாற்றிக் கொடுத்துவிட்டு வராந்தாவில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். வேலிப் பக்கமிருந்து யாரோ ஓடி வருகிற சத்தம். அண்ணனை நாலு பேர் வேட்டியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். கால் முழுக்கச் சேறு. பின்னாலேயே அக்கா, இடுப்பில் விதைக் கூடையை இடுக்கிக்கொண்டு. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அதற்குத் தோன்றவில்லை.

டாக்டரும் நானும் எங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தோம். நெஞ்சை அழுத்தி அழுத்தி என் கை மரத்துப்போனது. டாக்டர் என் தோளைத் தொட்டு, "போதும் சிஸ்டர்" என்று சொன்ன பிறகும் நான் நிறுத்தவில்லை. பிறகு நிறுத்தினேன். என் வேலையில் எத்தனையோ பேர் கண்ணை மூடியிருக்கிறேன். இந்த ஒருத்தர் கண்ணை மூடும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நாள், நான் கீழே இறங்குகிற வரைக்கும், பொறுத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன். அப்படித்தான் நினைத்தேன், அதுதான் உண்மை.

அக்கா அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கேட்காமலே சொல்லிற்று. "முன்னாடி போய்க்கினே இருந்தாரு சிஸ்டர். நான் பின்னாடி அவரக்கொட்ட வெத போட்டுக்கினு வந்தேன். குனிஞ்சி போட்டுட்டு நிமிர்றேன், முன்னாடி முதுக காணம். ஆளு பாதி சால்ல கெடக்கிறாரு. மாடு ரெண்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி ஓரம் வரிக்கும் போய், திரும்பி நின்னுக்கினு இருக்குதுங்க. எப்ப வருவாருன்னு பாத்துக்கினு."

ரொம்ப நேரம் கழித்துத்தான் அக்கா இடுப்பிலிருந்து அந்தக் கூடையை நான் வாங்கினேன். அடியில் கொஞ்சம் அவரை விதை மிச்சம் இருந்தது.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். வந்து அடக்கம் முடித்தான். பாக்கி உழவை மறுநாளே பங்காளிகள் சேர்ந்து ஓட்டிக் கொடுத்துவிட்டார்கள், ஈரம் போனால் நிலம் யாருக்காகவும் காத்திருக்காது. அதற்குப் பிறகுதான் காரியத்துக்குப் படம் வேண்டும் என்கிற பேச்சு வந்தது. நான் மலைக்கு வந்த காலத்தில் செத்தவர் படத்தை நடு வீட்டில் வைத்துப் பூப் போடுகிற பழக்கம் இங்கே கிடையாது. அதுவும் போளூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டது. இப்போது படம் வைக்காமல் காரியம் செய்தால் அப்பனை மதிக்காத பிள்ளை என்று பேராகிவிடும். ஜமுனாமரத்தூர் முனையில் கண்ணீர் அஞ்சலி என்று பிளெக்ஸ் வேறு கட்ட வேண்டும்.

"அப்பா ஒரு போட்டோலயும் இல்ல சிஸ்டர். ஒங்க போன்ல எதுனா இருக்குதா பாருங்க" என்று வந்து நின்றான்.

தேடினேன். நர்ஸ் தினத்துக்குக் கேக் வெட்டிய படம் ஒன்று கிடைத்தது. ஓரத்தில் அண்ணன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு போகிறார், முகத்தை நாற்காலி மறைத்துவிட்டது. அவர் மகள் கல்யாணப் படத்திலும் அப்படித்தானாம். எல்லோரும் மேடையில் நிற்க, அவர் கொல்லைப்புறத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் ஆதார் கார்டில் இருந்த முகம்தான் கிடைத்தது. அந்தப் படத்தில் யார்தான் மனுஷர் மாதிரி இருக்கிறோம். தூங்கினவனை எழுப்பி உட்காரவைத்து எடுத்த மாதிரி இருந்தார்.

அதைப் போளூரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தான். அங்கே அதற்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது, செத்தவரை அப்படியே அனுப்பமாட்டார்கள். முகத்தை வெளுத்து, தலைமுடியைக் கறுப்பாக்கி, பாதி மூடின கண்ணைத் திறந்து, கழுத்துக்குக் கீழே ஒரு நீலக் கோட்டும் சிவப்பு டையும் மாட்டிவிட்டார்கள். பின்னால் அடுக்கடுக்காகப் புஸ்தகம் வைத்த அலமாரி. மகனுக்குப் பெருமைதான். பிளெக்ஸிலும் அதுவே ஏறிவிட்டது. முனையில் டீ குடிக்க நின்றவர்கள், யாரு, தாலுக்கா ஆபீஸ்ல இருந்தவரா என்று கேட்டதாக எங்கள் ஆஸ்பத்திரி ஆயா வந்து சொன்னாள். நான் போய்ப் பார்த்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஆளிடம் ஒரு கேள்வியும் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்று கேட்டதாம்.

"அப்பாம்மா."

"ஒங்கப்பன் இல்ல" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டதாம். மகன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. காரியத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. பையன் என்னிடம் வந்து புலம்பினான். நான் என்ன செய்ய முடியும், நானே மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் அக்காவே வந்தது. மாத்திரைக்கு வருகிற நாள் இல்லை. வாசற்படியில் உட்காராமல் நேராக உள்ளே வந்து வெறும் சுவரைப் பார்த்தது. அண்ணன் அடித்த ஆணி மட்டும் இருந்தது.

"படம் எங்க சிஸ்டர்?"

"கட்டி வெச்சிட்டேன்க்கா."

"அவுருங்க. காரியத்துக்கு அத்த குடுங்க."

எனக்குச் சுருக்கென்று வந்தது. இந்த மலையில் எல்லோருக்கும் எல்லாம் என்னிடமிருந்துதான் வேண்டும். ரத்தம் வேணுமா, சிஸ்டர். சிபாரிசு வேணுமா, சிஸ்டர். பிள்ளைக்குப் பேர் வைக்கணுமா, சிஸ்டர். என் முழங்காலை எடுத்துக்கொண்டார்கள், தூக்கத்தை எடுத்துக்கொண்டார்கள், போகட்டும், அது வேலை. இப்போது நான் கொண்டுபோக ஆசைப்பட்ட ஒரே பொருள், பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டி வைத்தாகிவிட்டது, அதிலும் கை வைக்க வேண்டுமா. துக்கப்பட்ட வீட்டுக்காரியிடம் இதைச் சொல்ல முடியுமா. அதனால் வேறு மாதிரி சொன்னேன்.

"அது அண்ணன் இல்லக்கா. யாரோ அமெரிக்காக்காரன். தொப்பி போட்டுக்கினு குதிரய வெச்சி ஓட்றான்."

"குதிரைக்கும் மாட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா சிஸ்டர். குதிரதான். வெள்ளக்காரன்தான். அவருன்னு நான் சொன்னனா?"

"அப்புறம் எதுக்கு?"

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தது. அது என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "கட்டிக்கினு வந்ததுலருந்து அவரு முன்னாடி ஓட்டுவாரு, நான் பின்னாடி வெத போட்டுக்கினு போவேன். அந்த முதுகதான் சிஸ்டர் நான் பாத்தது. மொகத்த எங்க பாத்தேன். இருட்டுல எழுந்து போவாரு, இருட்டுனப்புறம் வந்து துன்னுட்டுப் படுப்பாரு. அந்தக் கோட்டுக்காரன என் எதிர்ல வெச்சா எனக்கு அழுவ வரல. யாரோ எவனோன்னு இருக்குது. இவன் முதுகு எனக்குத் தெரிஞ்ச முதுகு. அத்த வெச்சா அழுதுருவேன்."

அடக்கத்தன்றும் அக்கா அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்கள் எல்லோரும் மாரடித்து அழுதபோது அது மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தது. கல் நெஞ்சு என்று ஊரில் பேச்சு வந்திருந்தது எனக்கும் தெரியும்.

"அந்த ஒரு நாளைக்கித்தான்க்கா" என்றேன். "காரியம் முடிஞ்சதும் எடுத்துக்கினு வந்துடுவேன். ஊருக்குக் கொண்டுபோறதுக்கு என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்குது."

"சரி சிஸ்டர். ஒரு நாளைக்கித்தான்."

காரியத்தன்று காலையில் நானே தூக்கிக்கொண்டு போனேன். ஈரப் பாதை, என் காலுக்கு அந்தக் கொஞ்ச தூரமே போதும் போதும் என்றாகிவிட்டது. நடு வீட்டில் ஒரு ஸ்டூல் போட்டு, மேலே துண்டு விரித்து, சுவரில் சாய்த்து வைத்தோம். மகனுக்கு முகமே சரியில்லை. கோட்டுப் படம் முனையில் பிளெக்ஸில் நிற்க, வீட்டுக்குள் குதிரை ஓட்டுகிறவன் இருந்தால் வந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வான். "நம்ம கொல்லைல எப்படா குதிர ஓட்னீங்க?" என்று ஒரு பங்காளி கேட்டே விட்டார். நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் இருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

படையல் போட்டார்கள். சாமைச் சோறு, அவரைக் கொட்டைக் குழம்பு, அவருக்குப் பிடித்த கருவாடு. சூடம் ஏற்றினார்கள். ஒவ்வொருத்தராகப் பூப் போட்டார்கள். கடைசியில் அந்தப் பங்காளிதான், "படத்துக்குப் பொட்டு வையம்மா, நேரம் ஆவுது" என்றார்.

அக்கா குங்குமத்தை விரலில் தொட்டுக்கொண்டு படத்துக்கு எதிரே போய் மண்டிபோட்டது. கையை நீட்டியது. நீட்டின கை அப்படியே நின்றது. தொப்பி இருக்கிறது, தோள் இருக்கிறது, முதுகு இருக்கிறது. நெற்றி அந்தப் பக்கம்.

"இன்னாம்மா, வெய்யி."

"எங்க வெக்கிறது? நெத்தி அந்தாண்ட கீதே."

"கண்ணாடி மேல எங்கனா வெச்சிட்டு வா."

அக்கா தலையை ஆட்டியது. "வேணாம். ஏர் ஓட்டிக்கினு இருக்கிறவர இப்ப எதுக்குக் கூப்டணும். இந்தச் சால் முடியட்டும். ஓரம் போனா இந்தாண்ட திரும்பித்தான ஆவணும். திரும்பி வரட்டும், வெக்கிறேன்."

குங்குமத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டது. அப்படியே குனிந்து, நெற்றி தரையில் பட, அழ ஆரம்பித்தது. ஆடி மாசத்திலிருந்து உள்ளே கிடந்தது மொத்தமும் வந்தது. யாரும் போய்த் தூக்கவில்லை. தூக்கப் போன மகனை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கல் நெஞ்சு என்று பேசினவர்கள் எல்லாம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள், நன்றாகப் பார்க்கட்டும் என்று எனக்கு இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நான் போர்வையும் கயிறும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான், நான் அப்படிப்பட்டவள். அக்கா எனக்கு முன்னாலேயே பூவெல்லாம் எடுத்துவிட்டு, கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையாலும் நீட்டியது.

"இந்தாங்க சிஸ்டர். சொன்ன மாதிரியே."

நீட்டினதைப் பார்த்தேன். அவன் முதுகைப் பார்த்தேன், அவனுக்குப் பின்னால் யாருமில்லாத அந்தச் சால்களைப் பார்த்தேன். என் கை போர்வையை விடவில்லை.

"இன்னும் ஓரம் போய்ச் சேரலியே அக்கா" என்றேன். "திரும்பினதும் பொட்டு வெச்சிட்டு சொல்லி அனுப்புங்க. வந்து எடுத்துக்கினு போறேன்."

இப்போது ஒடுகத்தூர் மாடியில் நினைத்தபடி தூங்குகிறேன். எதிர்ச்சுவரில் தங்கை ஏதாவது சாமி படம் மாட்டட்டுமா என்று கேட்டாள், வேண்டாம், அங்கே ஒரு படம் வர வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மலையிலிருந்து மாத்திரை வாங்கவோ புளி போடவோ யார் இறங்கி வந்தாலும் அக்காவை விசாரிக்கிறேன். நன்றாக இருக்கிறதாம். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.